இரை வாய்க்காத பருவம்: மலையக மரை வேட்டை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை ஆராய்வோர் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும் துண்டு முறையையும், குடியுரிமைச் சட்டங்களையும் தொழிற்சங்க இயக்கத்தையும் தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். அது முற்றிலும் பொருத்தமானதே. ஆயின், அதே மலைகளில் துரைமார் நடத்திய வேட்டை, அவர்தம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் எழுதிச் சென்ற நினைவு நூல்களின் சுவையான பகுதியாக அது கருதப்படுகின்றதேயன்றி, சமூக வரலாற்றுக்கு உதவும் சான்றாக நோக்கப்படுவதில்லை.

இவ்வேட்டை நூல்களைத் தொடர்ந்து படிப்போர் ஒரு பொதுப் பண்பை அவதானிக்கலாம். இரை அகப்பட்ட நாளில் வேட்டைக்காரனின் திறமை பேசப்படும். இரை தப்பிய நாளில் அதிர்ஷ்டம் பேசப்படும். மழை பெய்தது, ஆறு பெருகியது, நாயைச் சிறுத்தை கொண்டுபோயிற்று, மரை காட்டுக்குள் மறைந்தது; பருவம் வாய்க்கவில்லை. இவ்வாறு வாய்க்காத பருவங்களுக்கு உண்மையான காரணம் யாது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. அதற்கு விடை தேடுமிடத்து, ஹட்டன் பிரதேசத்தின் காணி வரலாறும் அங்கு கொண்டுவரப்பட்ட உழைப்பாளரின் வரலாறும் இவ்வேட்டையோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்திருத்தல் புலனாகும்.

1. பெயரும் மரபும்

மத்திய மலைநாட்டில் வேட்டையாடப்பட்ட பெரிய மானினத்தை ஆங்கிலேயர் 'எல்க்' என்றனர். எல்க் என்பது ஐரோப்பாவின் வடபுலத்தில் வாழும் வேறொரு மானின் பெயராகும். வந்த நாட்டின் விலங்கை அந்நாட்டவர் எவ்வாறு அழைத்தனர் என்று கேளாமல், தாம் விட்டுவந்த நாட்டின் பெயரை அதற்கு இட்டனர். நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட புல்வெளியொன்று 'எல்க் பிளெயின்ஸ்' என இன்றும் அப்பிழையைத் தாங்கி நிற்கின்றது. சிங்கள மக்கள் அவ்விலங்கைக் 'கோனா' என்பர். ஈழத்துத் தமிழில் அது மரை. தமிழகத்தில் கடமான் எனவும் மிளா எனவும் வழங்கும்.

மரை என்ற சொல் இலக்கியத்தில் மிகப் பழைமையானது. புல் வேய்ந்த குடிசையின் முற்றத்தில் நெல்லிக்கனியை மரைக் கூட்டம் தின்னும் மலையூர் ஒன்றைக் குறுந்தொகை காட்டுகின்றது. மனிதர் வாழிடத்துக்கும் விலங்கின் மேய்ச்சலுக்கும் இடையே வேலி எழாத ஒரு வாழ்க்கையை அக்காட்சி சுட்டுகின்றது எனலாம். குறிஞ்சி நிலத்து மக்கள் வேட்டையாடினர், தினைப்புனத்தைக் காத்தனர், விலங்கோடு போராடினர். எனினும் அப்போராட்டம் உணவுக்கும் பயிருக்குமான போராட்டமாகவே இருந்தது.

அதிர்ஷ்டம், சகுனம் என்பனவும் அம்மரபுக்குப் புதியனவல்ல. நற்றிணையின் 98ஆம் பாட்டில் ஒரு காட்டுப்பன்றி தினைப்புனத்தில் மேயப் புறப்படுகின்றது. பொறி வைக்கப்பட்ட குறுகிய வழியில் நுழையும் வேளையில் பல்லி ஒலிக்கின்றது. பன்றி அதனைத் தீய நிமித்தமாகக் கொண்டு மெல்லப் பின்வாங்கித் தன் கற்குகைக்குத் திரும்பிவிடுகின்றது. பொறி வைத்தவனுக்கு அது வாய்க்காத இரவு. பன்றிக்கோ உயிர் தப்பிய இரவு. அதிர்ஷ்டம் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே பேசப்படுகின்றது என்பதைப் பழம்புலவர் நன்கு அறிந்திருந்தனர்.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி மற்றொரு வகையில் முக்கியமானது. அயலூர்களில் ஆநிரை பெருகி நிற்க, எயினரின் மன்றங்கள் பொலிவிழந்து கிடக்கின்றன. வளம் ஏன் குன்றியது? கொற்றவைக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாமையே காரணம் எனத் தெய்வமேறிய சாலினி கூறுகின்றாள். பின்னர்க் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைந்து, முறுக்குண்ட கொம்புடைய கலைமான் மீது ஏற்றி வழிபடுகின்றனர். இச்சமய விளக்கத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் வாய்க்காத பருவத்தை வெறும் தற்செயலாக விடாமல், தீர்க்கப்படாத ஒரு கடனின் விளைவாக அம்மக்கள் கண்டமை கவனத்துக்குரியது. துரைமாரின் வேட்டை நூல்களில் அவ்வாறான கடனுணர்வைக் காண்பது அரிது.

2. நாயும் கத்தியும்

இலங்கை மலைநாட்டு வேட்டையை உலகறியச் செய்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அவர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தார். 1850களில் வெளிவந்த அவருடைய இரு நூல்கள் இத்துறையின் மூல நூல்களாகக் கொள்ளப்படுகின்றன. மலைநாட்டில் மரையைத் துப்பாக்கியால் சுடுவது மாண்புக்கு ஏற்றதன்று என்பது அவர் கொள்கை. நாய்களை ஏவி விரட்டி, அருவியிலோ பாறையடியிலோ மரை திரும்பி நிற்கும்போது நெருங்கிக் கத்தியால் கொல்லுதலே உண்மையான விளையாட்டு எனக் கருதினார்.

மரையின் வாழ்க்கை முறையே இவ்வேட்டையின் முறையை வகுத்தது. அது இரவில் பத்தனை என்னும் புல்வெளிகளில் மேயும். விடியும் முன் காட்டுக்குள் ஒதுங்கும். துரத்தப்பட்டால் நீரை நாடும். எனவே காடும் புல்வெளியும் ஆறும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் நிலமே அதற்கு உகந்தது. நாய்கள் காட்டின் விளிம்பில் மோப்பம் பிடிக்கும். வேட்டைக்காரர் அவற்றின் குரலைப் பின்தொடர்ந்து பள்ளத்தாக்குகளைக் கடந்து ஓடுவர். இதில் தோல்விக்கு வாய்ப்பு மிகுதி. பெருக்கெடுத்த ஆற்றில் நாய்கள் அடித்துச் செல்லப்பட்டன, மரையின் கொம்பாலும் பன்றியின் கோரையாலும் கிழிபட்டன, சிறுத்தைக்கு இரையாயின. இவ்விழப்புகளைப் பேக்கர் மனமுருகி எழுதியுள்ளார். தமக்கு விருப்பமான நாய்களின் பெயர், இனம், குணம், இறந்த விதம் ஆகியன அவர் நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன.

அதே நூல்களில் கூடாரத்தையும் அரிசியையும் மதுவையும் தலைச்சுமையாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏற்றிச் சென்றோர் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற பன்மைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். பின்னிரவுக் குளிரில் அவர்கள் எங்கே உறங்கினர், எதனை உண்டனர் என்பன குறிக்கத் தக்கனவாகக் கொள்ளப்படவில்லை. இஃது ஒரு தனிமனிதரின் குறையன்று. 1907 இல் வெளிவந்த ஹரி ஸ்டோரியின் வேட்டை நூல் உட்பட, அரை நூற்றாண்டுக்குப் பின் எழுந்த நூல்களும் துரையின் கண்கொண்டே மலையைக் காண்கின்றன. நாய்க்குப் பெயரும் மனிதனுக்குத் தொகையும் வழங்கிய ஒரு சமூக அமைப்பின் பதிவாகவே இவற்றை நாம் படிக்க வேண்டும்.

அதிர்ஷ்டம் பற்றிய பேச்சுக்கு மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் கதை மற்றோர் எடுத்துக்காட்டு. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த இவர் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகின்றார். 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் பிளந்தது என்னும் கதை பரவலாக வழங்குகின்றது. கொன்றவனை வானமே தண்டித்தது என்ற நீதியுணர்வு இக்கதையில் உண்டு. அதனை நாம் மதிக்கின்றோம். எனினும் மின்னல் தண்டித்தது ஒருவரை மட்டுமே. யானைக் கொலைக்குப் பரிசுப் பணம் கொடுத்தது அரசாங்கம். 1848 இற்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்கு இப்பரிசு வழங்கப்பட்டதாக, குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். அவ்வரசாங்கத்தை எந்த மின்னலும் தீண்டவில்லை.

3. ஐயாயிரம் அடிக் கோடு

இனி, இரை வாய்க்காத பருவங்களின் உண்மையான காரணத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன எனக் கொள்ள வழிசெய்தது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகெடுத்தும் மாடு மேய்த்தும் சேனை செய்தும் வந்த காடுகள் இவ்வாறு விற்பனைப் பொருளாயின. கோப்பிச் செய்கை கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தொடங்கித் தெற்கும் மேற்குமாகப் பரவியது. டிக்கோயா, மஸ்கெலியா பள்ளத்தாக்குகள் 1860களிலும் 1870களிலும் திறக்கப்பட்டன. 'திறத்தல்' என்பது துரைமாரின் சொல். காட்டை வெட்டி வீழ்த்தி, உலரவிட்டு, தீயிட்டுக் கொளுத்துதலே அதன் பொருள். 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரவியிருந்தது.

காட்டின் விளிம்பும் புல்வெளியும் ஆறும் சேர்ந்த நிலம் மரைக்கு வேண்டும் என்று மேலே கூறினோம். பள்ளத்தாக்குகளின் காடு அழிந்தபோது மரையின் பகலுறைவிடம் அழிந்தது. எஞ்சிய கூட்டங்கள் மலை முகடுகளை நோக்கி ஒதுங்கின. ஆகவே ஒரு தோட்டம் திறக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில் துரைக்கு வேட்டை எளிதாக வாய்த்திருக்கும். பின்னர் ஆண்டுக்காண்டு குறைந்திருக்கும். அவர் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டிருக்கலாம். ஆயின் அவருடைய நாய்கள் மோப்பம் இழந்த காட்டை வெட்டுவித்தவரும் அவரே. வார நாள்களில் காட்டை அழிப்பித்தவர் ஓய்வு நாளில் அக்காட்டின் விலங்கைத் தேடிச் சென்றார். இம்முரண்பாடே வாய்க்காத பருவத்தின் அடிப்படை என நாம் கருதுகின்றோம்.

கோப்பியின் வீழ்ச்சியும் இவ்வாறே துரதிர்ஷ்டம் எனப் பேசப்பட்டது. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றியது. 1880 இல் இங்கு வந்து அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், காற்றைத் தடுக்கும் காடு இன்றி ஒரே பயிர் பரந்த நிலப்பரப்பில் நெருங்கி நின்றமை நோய் பரவுதற்கு ஏதுவாயிற்று என எடுத்துக்காட்டினார். மரையை விரட்டிய அதே காடழிப்பு, காற்றில் பரவும் பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிட்டது. முதலாளி கடனில் மூழ்கினார். தொழிலாளர் வேலையும் கூலியும் இழந்தனர். பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884 இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. நூற்றாண்டின் முடிவில் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருந்தது.

இவ்வழிவு எங்கே நின்றது என்பது முக்கியமான வினா. 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுறுத்தினார். நீரூற்றுகளைக் காப்பதும் மண்ணரிப்பைத் தடுப்பதுமே இதன் பயன். அக்கோட்டுக்கு மேலிருந்தமையால் ஹோர்ட்டன் சமவெளி தப்பியது. மரையும் அங்கே தப்பியது. ஹட்டன் நகரோ ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் உள்ளது. எனவே அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகள் கோட்டின் கீழ்ப்பக்கத்தில் அகப்பட்டன. மேலே நீருக்காக விடப்பட்ட காடு. கீழே இலாபத்துக்காக வெட்டப்பட்ட காடு. கீழ்ப்பக்கத்திலேதான் லயங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்டனர்.

அம்மக்களுக்கும் காட்டுக்கும் இருந்த உறவு முற்றிலும் வேறானது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை வன்னிக் காட்டினூடே நடந்து வந்தவர்களுக்குக் காடு, காய்ச்சலும் தாகமும் விலங்கச்சமும் நிறைந்த வழியாயிருந்தது. வழியில் வீழ்ந்தோர் பலர். துரை விளையாட்டுக்காகத் தேடிச் சென்ற காட்டைத் தொழிலாளி பிழைப்புக்காகக் கடந்து வந்தார். வந்தபின் கூலிக்காக வெட்டினார்.

4. ஸ்கொட்லாந்தும் ஹட்டனும்

ஹட்டன், டிக்கோயா பகுதித் தோட்டங்களின் பெயர்களை நோக்குவோர் டன்கெல்ட், இன்வெரி முதலிய ஸ்கொட்லாந்துப் பெயர்களைக் காண்பர். தொழிலாளர் இத்தோட்டங்களுக்குத் தமிழில் வேறு பெயர்களை வைத்துக்கொண்டனர் என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு எமது கவனத்துக்குரியது, ஸ்கொட்லாந்திலும் அதே நூற்றாண்டில் மான்வேட்டை காணிப் பிரச்சினையாக இருந்தமையாகும். மலைக்குடிகளை வெளியேற்றி அவர்தம் நிலத்தைச் செம்மறிப் பண்ணைகளாக்கிய நிலப்பிரபுக்கள், பின்னர் அவற்றுட் பலவற்றைச் செல்வர் வேட்டையாடுதற்கான மான்காடுகளாக மாற்றினர். மார்க்ஸ் மூலதனம் முதலாம் தொகுதியில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். 1887 நவம்பரில் லூயிஸ் தீவின் பார்க் என்னுமிடத்தில் காணியற்ற குடியானவர் திரண்டு மான்காட்டினுட் புகுந்து மான்களைக் கொன்று உண்டனர். படை அனுப்பப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டோர் அடுத்த ஆண்டு எடின்பரோ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர்.

இங்கிலாந்திலும் நிலைமை வேறன்று. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசி ஆயுதத்தோடு காட்டில் திரிந்து மான் பிடித்தவனுக்கு மரண தண்டனை விதித்தது. வரலாற்றாசிரியர் எட்வர்ட் தொம்சன் 1975 இல் வெளியிட்ட நூலில், இச்சட்டத்தின் பின்னால் நின்றது மான் மீதுள்ள அன்பன்று, சொத்துரிமையின் விரிவே என்பதை நிறுவினார்.

இவற்றை ஹட்டனோடு ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. ஸ்கொட்லாந்து மலைகளில் மானுக்காக மனிதர் அகற்றப்பட்டனர். ஹட்டன் பள்ளத்தாக்குகளில் பயிருக்காக மான் அகற்றப்பட்டது. அப்பயிருக்காக மனிதர் கொண்டுவரப்பட்டனர். வெளித்தோற்றத்தில் இவை எதிரெதிரானவை. ஆயின் இரண்டிலும் நிலம் யாருக்கு, எதற்கு என்று தீர்மானித்தது மூலதனமே. அந்நிலத்தில் உழைத்தோர் அல்லர்.

இலங்கையின் வேட்டைச் சட்டங்களையும் இவ்வொளியிலேயே நோக்க வேண்டும். 1891 இல் யானை, எருமை முதலிய வேட்டை விலங்குகள் வரம்பின்றி அழிக்கப்படுவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோருள் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியரும் முதன்மை பெற்றனர். மான் தோலுக்கும் கொம்புக்குமாக நடந்த வணிகக் கொலையை அவர்கள் எதிர்த்தமை நியாயமானதே. அச்சங்கத்தின் வழிவந்த முயற்சிகள் இந்நாட்டுக் காடுகளுக்கு நன்மை செய்துள்ளன என்பதையும் மறுத்தலாகாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றுவரை திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. ஆனால் உரிமம், பருவம், கட்டணம் என்பவற்றால் அமைந்த வேட்டை ஒழுங்கில் துப்பாக்கியும் பணமும் உடையவனின் கொலை விளையாட்டு என்ற பெயரைப் பெற்றது. அவை இல்லாதவனின் கொலை திருட்டு என்ற பெயரைப் பெற்றது. இரண்டிலும் இறந்தது ஒரே மரைதான்.

5. கூத்தும் நினைவும்

தொழிலாளரின் பக்கத்திலிருந்து இவ்வரலாற்றை எழுத எமக்கு என்ன சான்றுகள் உள்ளன? எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. 1931 இல் கோ. நடேசையர் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, கூலியும் கடனும் அடக்குமுறையுமே எழுத்தில் ஏறவேண்டிய அவசரப் பிரச்சினைகளாயிருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் உழைப்பின் துயரத்தைப் பதிவு செய்துள்ளன. அத்தகைய தொகுப்புகள் இன்னும் பல வேண்டும்.

கூத்து மரபு ஒரு தடயத்தைத் தருகின்றது. காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு அருச்சுனன் தபசும் தோட்டங்களில் ஆடப்பட்டு வந்தது. தவம் செய்யும் அருச்சுனன் மீது பாயும் பன்றியை அவனும் வேடன் வடிவில் வந்த சிவனும் ஒரே வேளையில் எய்கின்றனர். இரை யாருடையது என்ற வழக்கு எழுகின்றது. அது போராக முற்றுகின்றது. காட்டிற் பிறந்த வேடனின் உரிமையை அரசகுமாரன் ஏற்க மறுக்கின்றான். இறுதியில் வேடனே இறைவன் எனத் தெளிகின்றான். இக்கதை மலையகத்தில் தோன்றியதன்று. துரைமாரை எண்ணி இயற்றப்பட்டதுமன்று. எனினும் வேட்டை துரைக்கு மட்டும் உரியதாயிருந்த ஒரு தோட்டத்தின் மைதானத்தில், இரவு முழுவதும் விழித்திருந்து இவ்வழக்கைப் பார்த்த மக்களுக்கு அது எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

6. இன்றைய நிலை

ஹோர்ட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோமஸ் ஃபார் என்ற துரையின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டை விடுதி இப்போது பார்வையாளர் நிலையமாக உள்ளது. அதனருகே மரைகள் மனிதருக்கு அஞ்சாது மேய்கின்றன. வேட்டை நின்றபின் அங்கு மரை பெருகியது. யானையோ அச்சமவெளிக்குத் திரும்பவேயில்லை.

கோட்டின் கீழ்ப்பக்கத்தில் நிலைமை வேறு. தேயிலைச் சரிவுகளுக்கிடையே எஞ்சிய சிறுகாடுகளில் மானும் பன்றியும் வாழ்கின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தைகளும் நடமாடுகின்றன. பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் சுருக்குக் கம்பிகளில் சிறுத்தைகள் அகப்பட்டு இறக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளிக்கப்பட்டும் அது சில நாள்களில் இறந்தது. நாடெங்கும் வருத்தமும் சினமும் எழுந்தன. அவை நியாயமானவையே. சுருக்குக் கம்பி கொடியது. அது எந்த விலங்கு வருமென்று அறியாது. அகப்பட்டதை மெல்ல மெல்லக் கொல்லும். அதனைப் பழமையின் பெயராலோ வறுமையின் பெயராலோ நாம் நியாயப்படுத்தவில்லை.

ஆயின் இத்தகைய வேளைகளில் தோட்ட மக்கள் முழுவதையும் காட்டழிப்போராகச் சித்திரிக்கும் குரல்களும் எழுகின்றன. அதனை நாம் ஏற்கவியலாது. சிறுத்தை நடமாடும் மலையில் விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்வோர் அம்மக்களே. அதன் தாக்குதலுக்கு உள்ளானோரும் அவர்களே. லயத்தின் பின்னால் உள்ள கையளவு மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்க வேண்டியவரும் அவர்களே. நுவரெலியாவில் பண்ணை அமைத்த பேக்கரும் தமது ஓட்ஸ் பயிரை மரையும் பன்றியும் அழித்ததாக முறையிட்டுள்ளார். அவருடைய பயிரிழப்பு நூலில் சுவையான அத்தியாயமாயிற்று. லயத்து மனிதரின் பயிரிழப்போ எங்கும் பதிவாவதில்லை. காணி உரிமையின்றி ஏழு, எட்டுத் தலைமுறைகளாக வாழும் மக்களிடம் காட்டைக் காக்கும் பொறுப்பை மட்டும் கேட்பது எவ்வாறு நீதியாகும்?

நற்றிணைப் பன்றி பல்லியின் ஒலி கேட்டுப் பொறியிலிருந்து தப்பியது. நல்லதண்ணிச் சிறுத்தைக்கு அத்தகைய நிமித்தம் வாய்க்கவில்லை என்று கூறி அமைதல் எளிது. அவ்வாறு கூறின், நாமும் துரைமாரைப் போல அதிர்ஷ்டத்தின் மொழியையே பேசுவோராவோம். 1840 இல் முடிக்குரியதாக்கப்பட்ட நிலம், 5,000 அடியில் இழுக்கப்பட்ட கோடு, அதன் கீழே எஞ்சிய துண்டுக் காடுகள், அவற்றின் ஓரத்தில் காணியின்றி நிறுத்தப்பட்ட மக்கள்: இவையே அச்சுருக்கின் நீண்ட வரலாறு. மலையக மக்களின் காணி உரிமையும் மலைக்காடுகளின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல; ஒரே வரலாற்று அநீதியைத் தீர்க்கும் இரு பணிகள் என்பதே எமது முடிவு.

இவ்வாய்வு முழுமையானதன்று. துரையின் நாய்களுக்குச் சோறு வடித்தோர், சுமை தூக்கியோர், காட்டு விளிம்பில் ஆரவாரம் செய்து மரையைக் கலைத்தோர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்கள் கேட்டு வளர்ந்த செய்திகளைப் பதிவு செய்யாவிடின், மலையக வேட்டையின் வரலாறு நாய்களின் பெயர்ப்பட்டியலாகவே எஞ்சிவிடும். பல்கலைக்கழக மாணவர், குறிப்பாகத் தோட்டங்களிலிருந்து வந்த மாணவர், விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊரில் இப்பணியைத் தொடங்கலாம். துரையின் பங்களாவில் மாட்டப்பட்டிருந்த மரைக்கொம்பை வீட்டு முதியவரிடம் நினைவூட்டினால், பேச்சு தானாகவே தொடங்கும்.